பன்னிரண்டாவது பத்து

இப்போது மனிதர்களுக்குத் தொண்டை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. பஸ்ஸில் காலை மிதித்தால்கூட ஒருவனும் வாய் திறப்பதில்லை. போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறான். வாசலில் வந்து நின்றுகொண்டு, வந்துவிட்டேன் என்று போனில் எழுதி அனுப்புகிறான். கதவைத் தட்டிக் கூப்பிட்டால் என்ன, நாக்கு தேய்ந்துவிடுமா? இவர்களிடம் போய் ஒரு குரலைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் சொல்லப்போவது நடந்தது. நாள் தெரியும், நேரம் தெரியும். ஒரு சொல் கூட்டவில்லை. பேய் என்றும் நான் சொல்லவில்லை. அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கறுப்பையா. வயது எழுபத்தொன்று. பிறந்தது மடுல்கெல்லத் தோட்டத்தில். ஐந்தாம் வகுப்போடு படிப்பு சரி. கண்டி மாநகர சபையில் முப்பத்து நாலு வருடம் சாக்கடைக் கான் வெட்டினேன். ஓய்வு பெற்று சும்மா இருந்தவனை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மேட்டில் இருக்கிற ஒரு சங்க மண்டபத்துக்குக் காவலுக்குக் கூப்பிட்டார்கள். போன சித்திரையில் சேர்ந்தேன். மண்டபத்தின் பின்னால் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் புசல்லாவையில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அந்த அறையை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மாலை ஐந்தரைக்குக் கராத்தே வகுப்பு. மாஸ்டர் பெயர் ரஸீன். அக்குறணைக்காரர். நல்ல மனிதர், ஆனால் நான் யாரையும் அவ்வளவு சீக்கிரம் நல்லவர் என்று சொல்லிவிடுவதில்லை. பதினொரு பேர் படித்தார்கள். அதில் மூத்தவள் சுபாஜினி, மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். இது நடந்த வாரத்துக்கு அடுத்த வாரம் அவளுக்குப் பழுப்புப் பட்டிச் சோதனை.

அந்த வகுப்பு இருக்கிறவரைதான் மண்டபம் திறந்திருக்கும். மண்டபம் திறந்திருக்கிறவரைதான் எனக்கு அறை. சங்கத்துச் செயலாளர் நவரட்ணராஜாவுக்கோ, மண்டபத்தை பிஸ்கட் மொத்த வியாபாரிக்குக் களஞ்சியமாகக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. மற்ற உறுப்பினர்கள், பிள்ளைகள் படிக்கிறார்களே என்று தடுத்து வைத்திருந்தார்கள். மனிதர் ஒரு சாட்டுக்காகக் காத்திருந்தார். மின்விசிறியை யார் உடைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம், மேடைச் சுவரில் ஒரு கேமராவும் பூட்டிவிட்டார்.

வகுப்பின் கடைசி அரை மணித்தியாலம் எண்ணிக்கை. குதிரை மேல் இருப்பதுபோல் காலை அகட்டி, முழங்காலை மடக்கி நிற்பார்கள். முதல் ஆள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவான். எண்ணெல்லாம் ஜப்பான் பாஷை. இச், நி, ஸன் என்று போகும். கு என்றால் ஒன்பது. ஜூ என்றால் பத்து. ஒவ்வொரு எண்ணுக்கும் எல்லோரும் ஒரு குத்து. பத்தாவது குத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு கத்து. பிறகு அடுத்த ஆள். இப்படிப் பதினொரு பேரும்.

இரண்டு சட்டம். எண்ணுகிறவன் நிறுத்தினால் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். யார் எண்ணுகிறார் என்று தலையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது.

கத்துவதற்கு என்ன வகுப்பு என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான். பிறகு யோசித்துப் பார்த்தேன். கான் மூடியிருக்கிற கொங்கிரீட் பலகையை நாங்கள் ஆறு பேர் தூக்குவோம். ஒருத்தன் குரல் கொடுக்க வேண்டும். குரல் இல்லாமல் எவ்வளவு மூச்சுக் கட்டினாலும் பலகை அசையாது. குரல் கேட்டால் உடம்பு யோசிக்காது. தூக்கிவிடும். யார் குரல், எதற்குக் குரல் என்று உடம்பு கேட்பதே இல்லை.

நான் வெளியே விறாந்தையில் மர வாங்கில் உட்கார்ந்திருப்பேன். அது மண்டபத்தின் இடது பின் மூலைக்கு நேர் வெளியே, திறந்த ஜன்னலுக்குக் கீழே கிடந்தது. உள்ளே பார்ப்பதில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு பத்துகளை மட்டும் எண்ணுவேன். பதினோராவது பத்து முடிந்தால் எழுந்து போய்க் கேத்தலை அடுப்பில் வைப்பேன். மாஸ்டருக்குத் தேத்தண்ணீர்.

ஐப்பசி மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. பதினோராவது பத்து முடியும்போது மணி 6.24. எழுந்தேன்.

உள்ளே பன்னிரண்டாவது ஒன்று தொடங்கியது.

"இச்..."

கரகரத்த குரல். வயதான குரல். சளி கட்டினதுபோல் இழுத்து இழுத்து வந்தது. யாரோ புதிதாகச் சேர்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். சீனி வருத்தம் வந்தால் இப்போது கிழவர்களும் கராத்தேக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்பது வரை அந்தக் குரல் சொன்னது. பத்தை மாஸ்டர் சொன்னார், அவசரமாக, பாதி மூச்சில். எல்லோரும் கத்தினார்கள்.

போகும்போது வாசலில் செருப்புகளைப் பார்த்தேன். மாஸ்டரின் சப்பாத்தைத் தவிர, பதினொரு சோடி.

வியாழக்கிழமை வாங்கில் முழங்காலை ஊன்றி ஜன்னல் வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். 6.27. பதினோராவது பத்து முடிந்தது. அந்தக் குரல் தொடங்கியது. பின்னாலிருந்து பதினொரு தாடையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஒன்றும் அசையவில்லை.

குத்து மட்டும் தப்பாமல் விழுந்துகொண்டிருந்தது. இந்த வரிசைக்காரன், அந்த வரிசையில் யாரோ எண்ணுகிறார் என்று நினைக்கிறான். அந்த வரிசைக்காரன் இந்த வரிசையை நினைக்கிறான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். மாஸ்டர் பின்னால் நின்றார். அவர் முகம் வெளுத்திருந்தது. குரல் ஒன்பது சொன்னதும் அவர் பத்து என்று முடித்துவிட்டார்.

தேத்தண்ணீர் கொடுக்கும்போது நேராகவே கேட்டேன்.

"நீங்களும் கேட்டீங்களா, அண்ணன்?"

"காது இருந்தா கேக்கும் தானே. யாரு அது?"

"யார்கிட்டயும் சொல்ல வாணாம். ஒன்பதோட நிக்கும். பத்த நான் சொல்லி முடிச்சிடுற. முடிச்சா ஒன்டும் இல்ல."

"முடிக்காட்டி?"

அவர் தேத்தண்ணீரைக் குடிக்காமலே கோப்பையை வைத்துவிட்டுப் போனார்.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. செயலாளர்தான் இதைச் செய்கிறார் என்று எனக்கு உடனே பட்டது. மண்டபத்தில் பேய் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும். மறுநாளே வகுப்பு நின்றுவிடும், பிஸ்கட் பெட்டி வந்துவிடும், நான் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பேன். அலுமாரியைத் திறந்து பார்த்தேன். மேடைக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. மிச்சம் இருந்தது கேமரா. அந்தக் கேமராவுக்குள்ளேயே பேசுகிற பெட்டியும் இருக்கிறதாம், தூரத்தில் இருந்துகொண்டே அதில் பேசலாமாம். கடைத்தெருவில் ஒருவர் சொன்னார். அப்படியா சங்கதி என்று வைத்துக்கொண்டேன். பேசும்போது அதில் நீல விளக்கு எரியும் என்றும் சொன்னார். கையும் களவுமாகப் பிடிப்பதற்குச் சனிக்கிழமை வரை பொறுத்தேன்.

சனிக்கிழமை மாஸ்டர் வரவில்லை. அக்குறணையில் அவர் தங்கச்சி மகளுக்கு நிக்காஹ். வகுப்பை சுபாஜினியிடம் விட்டிருந்தார். இன்றைக்கு எண்ணிக்கை வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லியிருந்தாராம். அவள் கேட்கவில்லை. அடுத்த வாரம் சோதனையை வைத்துக்கொண்டு எண்ணாமல் விட்டால் கால் இளகிவிடும் என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனாள். நானும் தடுக்கவில்லை. எனக்குக் கள்ளனைப் பிடிக்க வேண்டும்.

வெற்றிலை விற்கிற றலியாவின் கடை அன்று பூட்டியிருந்தது. வெறும் வாயோடு வாங்கில் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். அதுவே எரிச்சல். ஜன்னல் வழியே எதிர்ச் சுவரில் கேமரா நேராகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எடுக்கவில்லை.

சுபாஜினி எல்லோருக்கும் முன்னால், அவர்களைப் பார்த்து நின்றாள். தன் பத்தை முதலில் எண்ணினாள். பிறகு மற்றவர்கள். பதினோராவது பத்து முடிந்தது. சுவர் மணிக்கூட்டில் 6.30.

"இச்..."

கேமராவில் விளக்கு எரியவில்லை.

"நி... ஸன்..."

எரியவில்லை.

குரல் அன்று கிட்டத்தில் கேட்டது. மிகக் கிட்டத்தில். சளியின் கரகரப்புக்கூடத் தெரிந்தது. குத்துகள் விழுந்தன. சட்டைக் கைகள் சடக் சடக்கென்று வெட்டின.

"கு."

6.31.

அதோடு நின்றது.

பத்தைச் சொல்ல ஆள் இல்லை. அவர்கள் காத்து நின்றார்கள். ஒருத்தரும் அசையவில்லை. ஒருத்தரும் திரும்பவில்லை. சுபாஜினிக்கு மட்டும்தான் எல்லா முகமும் தெரியும். வரிசையில் எண்ணினது யாரும் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

பிறகு ஒரு மூச்சுக் கேட்டது.

உள்ளே இழுக்கிற மூச்சு. நீளமாக... கத்துவதற்கு முன்னால் இழுப்பார்களே, அது.

அவர்களும் இழுத்தார்கள். பத்து பேரும், சுபாஜினியும். பழகின உடம்பு. நான் சொன்னேனே, யார் குரல் என்று உடம்பு கேட்காது.

இழுத்த மூச்சு வெளியே வரவில்லை.

கழுத்து நரம்பு புடைத்தது.

உதடு கறுத்தது.

கால்கள் நடுங்கின... தொடைகள் நடுங்கின... ஒருத்தரும் கீழே விழவில்லை.

எழுந்தேன். நினைத்த உடனேயே எழுந்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. உள்ளே கால் வைக்கும்போது மணிக்கூட்டைப் பார்த்தேன்.

6.35.

மணிக்கூடு பிழை என்று நினைத்தேன்.

ஜன்னல் பக்கத்து மூலை குளிர்ந்து கிடந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அந்த ஜப்பான் எண்ணெல்லாம் மறந்துபோனது. கானில் பலகை தூக்கும்போது போடுகிற சத்தம் மட்டும் வந்தது. அடிவயிற்றிலிருந்து போட்டேன்.

"பத்துடா!"

எல்லோரும் கத்தினார்கள். கூரைத் தகரம் அதிர்ந்தது. கத்திவிட்டு அப்படியே தரையில் விழுந்தார்கள். இருமல், வாந்தி, மூச்சு இழுப்பு.

அது அடங்கியது.

அதற்குப் பிறகு, தனியாக, ஒரு கத்து.

என் முதுகுக்குப் பின்னால், மூலையில்.

ஜன்னல் கண்ணாடி குறுக்கே வெடித்தது.

நான் திரும்பவில்லை. பயத்தில் என்று நினைக்காதீர்கள். மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னேன், "உன் சத்தத்துக்கு ஆடுறவன் நான் இல்ல. போ." அவ்வளவுதான்.

சுபாஜினி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முகம் சாம்பல்.

"மூச்சு உள்ள போயிருச்சு ஐயா, வெளிய வரவே இல்ல. யாரு எண்ணினது?"

பத்து பேரும் என்னையே பார்த்தார்கள். என்ன சொல்வது? தெரியாது என்று சொன்னால் அன்று இரவே கண்டி முழுக்கப் பேய்க் கதை ஓடும். வகுப்பு போகும். அறை போகும்.

"நான்தான் எண்ணினேன். சும்மா வெளையாட்டுக்கு. ஒங்க கால் எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாத்தேன்."

திட்டுவார்கள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அவர்கள் நம்பினார்களா இல்லையா என்று தெரியாது. ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். பதினொரு சோடி. பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை 10.15. செயலாளர் கூப்பிட்டனுப்பினார். சங்கக் காரியாலயம் டவுனில், ஒரு கடைக்கு மேல் மாடி. உடைந்த கண்ணாடிக்குக் கணக்குக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராகவே போனேன். கேமராவில் இருந்துகொண்டு குரல் கொடுத்தது நீங்கள்தானே என்று முகத்துக்கு நேரே கேட்கவும் நினைத்திருந்தேன்.

மனிதர் கதிரையில் இருந்த விதமே வேறு. கண் தூங்கவில்லை. அந்தக் கேமரா பார்க்கும், கேட்கும், ஆனால் பேசாது என்று நான் கேட்காமலே சொன்னார். கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பினார்.

"இஞ்ச பாரும், கறுப்பையா."

சனிக்கிழமை வகுப்பு. கேமரா மேடைச் சுவரிலிருந்து பார்க்கிறது. முன்னால் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் மூலை. மூலையில் ஜன்னல். ஜன்னலில் நான். நேராகக் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதினோராவது பத்து முடிகிறது.

என் வாய் திறக்கிறது.

"இச்..."

குரல் என்னுடையது இல்லை. வாய் என்னுடையது. ஒவ்வொரு எண்ணுக்கும் உதடு பொருந்தி வந்தது. ஒன்பது வந்ததும் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. கண் இமைக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. அப்படியே இருக்கிறேன். நாலு நிமிடம். பிறகுதான் எழுந்து உள்ளே வருகிறேன்.

வெற்றிலை மென்றிருப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

செயலாளர் படத்தை நிறுத்திவிட்டு மெல்லச் சொன்னார். எனக்கு முன்னால் அங்கே காவலுக்கு இருந்தவர் செல்லச்சாமி. நெஞ்சில் சளி, இழுப்பு வருத்தம். அதே வாங்கில் இருந்து கேட்டுக் கேட்டே எண்களைப் பாடமாக்கிவிட்டாராம். அவர் ஆசையைப் பார்த்து ரஸீன் மாஸ்டர் கடைசிப் பத்தை அவருக்கே கொடுத்திருந்தார். அப்போதும் பிள்ளைகள் பதினொரு பேர்தானாம்; அவர்கள் எண்ணி முடித்ததும், பன்னிரண்டாவது பத்தை ஜன்னலுக்கு வெளியே இருந்தபடி செல்லச்சாமி எண்ணுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால். இதே ஐப்பசி. ஒரு சனிக்கிழமை. ஒன்பதோடு நிறுத்தினார். கால் தாங்குதா என்று கிழவர் விளையாடுகிறார் என மாஸ்டர் நினைத்துவிட்டார். எல்லோரும் அப்படியே நின்றார்கள். சட்டப்படி ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு நிமிடம். மாஸ்டர் வெளியே வந்து பார்த்தபோது செல்லச்சாமி வாங்கில் இருந்தார். வாய் திறந்திருந்தது. உடம்பு இன்னும் சூடாக இருந்ததாம். ஒன்பதிலேயே ஓடிப்போய்ப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். அன்றைக்குப் படித்த பிள்ளைகள் ஒருத்தரும் அதற்குப் பிறகு வரவில்லை. இப்போது இருக்கிறவர்கள் எல்லாம் புதியவர்கள்.

அப்போது அங்கே கேமரா இல்லை. வாங்கு மட்டும் அதே வாங்கு.

எனக்கு ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் காவலுக்கு எவன் வருவான் என்றார். இப்படிப்பட்ட மனிதர்கள்.

பிறகு ஒரு கடதாசியை என் முன்னால் தள்ளினார். நடந்ததெல்லாம் அதில் எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் சங்கம் மண்டபத்தைப் பூட்டிவிடும். பேனையை நீட்டினார். பிஸ்கட் ஆசையில் நீட்டின கை இல்லை அது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

"உமக்காகத்தான் சொல்லுறன். அந்த வாங்கில இனி இராதையும்."

"நான்தான் எண்ணினேன். அன்னிக்கே புள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன்."

"அது உம்மட குரல் இல்லையே, கறுப்பையா."

"சளி, தடிமன்."

பேனையைத் தொடவில்லை. எழுந்தேன். நாளைக்குச் செவ்வாய், வகுப்பு இருக்கிறது, ஜன்னலுக்குக் கண்ணாடி போட ஆள் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாங்கும் அங்கேயேதான் கிடக்கும். நானும் அதில்தான் இருப்பேன். எனக்கு இடம் தராமல் விரட்ட உயிரோடு இருக்கிறவனாலேயே முடியவில்லை.

மாடிப் படியில் இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது, சனிக்கிழமை றலியாவின் கடை பூட்டியிருந்தது. வாயில் வெற்றிலை இல்லை.

வந்தால் வரட்டும். கேமரா என்பது மனிதன் செய்த சாமான். பழுதாகும். படத்தை வெட்டி ஒட்டுகிற காலம் இது. நான் நம்பவில்லை.

தெருவுக்கு இறங்கி நடந்தேன். எத்தனை படி இறங்கினேன் என்று கேட்காதீர்கள். எண்ணுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.